காரைக்குடியில் வீடு வீடாகச் சுகாதார ஆய்வு: புதிதாக இறங்குபவர்களுக்கு

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ நகர்ப்புறச் சுகாதார ஆய்வு செய்யப் போகிறீர்களா? கையில் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் சென்னை, மும்பை போன்ற பெருநகரங்களை நினைத்து எழுதப்பட்டவை. வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்க, பூட்டிக் கிடக்கும் வீட்டை என்ன செய்வது, சாவி யாரிடம் இருக்கும், எந்த மாதத்தில் வீடு திறக்கும் என்பதெல்லாம் அவற்றில் இருக்காது. வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கத்தையும் டெங்குக் கொசுப்புழுவையும் பற்றி நாங்கள் செய்த ஆய்வில் பட்ட பாட்டை வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் ஆய்வு சர்க்கரை நோய், குடிநீர், கழிவுநீர் என எதைப் பற்றியதாக இருந்தாலும் வேலையின் வரிசை இதுதான்.

வரிசை முக்கியம். மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகு கேள்வித்தாளில் ஒரு கேள்வியை மாற்றினாலும் திருத்த விண்ணப்பம் போட்டு, மறுபடி காத்திருக்க வேண்டும். ஆகவே ஊரோடு பேச வேண்டியதை எல்லாம் குழுவுக்குப் போகும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பலர் முதலில் ஒப்புதலை வாங்கிக்கொண்டு, பிறகு ஊரைத் தேடிப் போகிறார்கள். அப்போது ஊர்க்காரர்கள் சொல்லும் எந்த நல்ல யோசனையையும் ஏற்க முடியாத நிலை வந்துவிடுகிறது.

1. நடந்து பார்த்த பிறகு தலைப்பை எழுதுங்கள்

செக்காலை, கழனிவாசல், முத்துப்பட்டணம், செஞ்சை, பர்மா காலனி என நான்கைந்து பகுதிகளிலாவது காலையிலும் மாலையிலும் நடந்து பாருங்கள். கேள்வித்தாள் வேண்டாம், ஒரு சின்ன நோட்டுப் போதும். காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் பேச்சு தண்ணீரில் போய் நிற்கும். குழாயில் எப்போது வரும், எத்தனை குடம் பிடிக்க வேண்டும், எதில் ஊற்றி வைப்பது என்றுதான் பேசுவார்கள். தினமும் தண்ணீர் வராத தெருவில் ‘தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்’ என்று அச்சடித்த துண்டுப் பிரசுரத்துக்கு யாரும் மரியாதை தரமாட்டார்கள், தரவும் வேண்டியதில்லை.

எந்தெந்தப் பாத்திரத்தில் தண்ணீர் நிற்கிறது என்று இந்த நடையிலேயே பட்டியல் எடுத்துவிடுங்கள். சிமெண்ட் தொட்டி, டிரம், அண்டா, மாடியில் மூடியில்லாத டேங்க், பிரிட்ஜின் பின்தட்டு, கொல்லையில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஆட்டுக்கல், உரல் எல்லாமே கொசுவுக்கு வசதியான இடங்கள். வேறு மாநிலத்துக் கேள்வித்தாளில் ஆட்டுக்கல் இருக்காது.

2. ‘ஒரு வீடு’ எது என்று முடிவு செய்யுங்கள்

இங்கே சறுக்காதவர்கள் குறைவு. ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்களை ஒரு குடும்பம் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரையறுக்கிறது. பழைய நகரத்தார் வீட்டில் இந்த வரையறை திண்டாடும். முகப்பு ஒன்று, கதவு எண் ஒன்று. உள்ளே வளவு எனும் நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு பங்குக்கும் (பங்காளிக் குடும்பத்துக்கும்) தனி அறை, தனிச் சமையல். ஒரு கதவு எண்ணுக்குள் மூன்று குடும்பங்கள் இருக்கலாம். ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். கொசுப்புழு ஆய்வென்றால் கட்டடத்தை அலகாக வையுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் என்றால் குடும்பத்தையோ தனி ஆளையோ அலகாக வையுங்கள். இதை முன்வரைவிலேயே (ஆய்வை எப்படிச் செய்வது என்று எழுதும் திட்ட ஆவணம்) எழுதிவிடுங்கள். களத்தில் ஆளுக்கொரு விதமாக எண்ண இடம் தராதீர்கள்.

அடுத்தது பூட்டிய வீடு. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்வது பலர் கைக்கொள்ளும் குறுக்குவழி. கொசு ஆய்வில் அது முடிவையே கெடுத்துவிடும், ஏனென்றால் யாரும் கண்டுகொள்ளாத தண்ணீர் நிற்பது பூட்டிய வீட்டில்தான். வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போங்கள். அப்படியும் திறக்கவில்லை என்றால் ‘பூட்டியது’ என்றே பதிவு செய்யுங்கள். அறிக்கையில் அந்த எண்ணிக்கையைத் தனியாகக் காட்டுங்கள்.

மாதிரி அளவைக் கணக்கிடும்போதும் இது உதைக்கும். பாதிப்பு விகிதம் தெரியாதபோது 50 விழுக்காடு என்று வைத்து, 5 விழுக்காடு பிழை அனுமதித்தால் 384 வரும். தெருத் தெருவாகக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் அதை 1.5 ஆல் பெருக்குங்கள், 576. பாடப்புத்தகம் மறுப்புக்காக 10 விழுக்காடு கூட்டச் சொல்லும். இங்கே பூட்டும் மறுப்பும் சேர்த்து 25 விழுக்காடாவது விடுங்கள். 576ஐ 0.75 ஆல் வகுத்தால் 768. இத்தனை கதவைத் தட்டுவதற்குத்தான் ஆளும் பணமும் திட்டமிட வேண்டும்.

வீட்டுப் பட்டியலுக்கு 2011 கணக்கெடுப்பின் வார்டு அட்டவணைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்போது நகராட்சியின் மக்கள்தொகை 1,06,714. ஆனால் 2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது சுற்றியிருந்த பகுதிகளும் சேர்ந்துவிட்டன. பழைய வார்டு எண்ணை இன்றைய வரைபடத்தில் அப்படியே ஒட்டாதீர்கள். தெருவாரியான வீட்டு எண்ணிக்கை கேட்டும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போடுங்கள். பதில் தர 30 நாள் கெடு.

3. கூட்டாளிகளைப் பிடியுங்கள், ஒருவரை மட்டும் நம்பாதீர்கள்

செட்டிநாடு என்றதும் ஆயிரம் சன்னல் வீடு மட்டும் நினைவுக்கு வருபவராக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். பெரிய வீடுகளுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒற்றை அறை வாடகை வீடுகளில் இருப்பவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். நகரத்தார் சங்கத்தின் கடிதத்தோடு மட்டும் போனால் அடுத்த தெருவில் உங்களைப் ‘பெரிய வீட்டு ஆட்கள்’ என்று ஓரங்கட்டிவிடுவார்கள். ஒரு கட்சி கவுன்சிலரோடு மட்டும் போனாலும் இதே கதைதான்.

எங்களுக்குப் பலித்தது கலவைதான். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தெருவில் யார் எந்நேரம் வீட்டில் இருப்பார்கள் என்பது தெரியும். சங்கமும் கோயில் நிர்வாகமும் வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிடும். ஜமாத்தும் தேவாலயமும் தங்கள் பகுதிகளில் அறிவிப்புச் செய்யும். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அத்துப்படி. அதனாலேயே அவர்களிடம் நோயாளிப் பெயர்களைக் கேட்காதீர்கள். வழி மட்டும் கேளுங்கள்.

பூட்டிய வீட்டுக்குக் காவலிருக்கும் அண்ணன், வாரம் ஒருமுறை பெருக்கிவிட்டுப் போகும் அக்கா இருவரும்தான் இங்கே உண்மையான கூட்டாளிகள். ஆனால் சாவி வைத்திருப்பவருக்கு அனுமதி தரும் உரிமை கிடையாது. பங்காளிகள் நான்கு பேர் என்றால், வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் பங்காளி யார் என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். அவர் சிங்கப்பூரில் இருந்தாலும் வாட்ஸ்அப்பில் எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள். இல்லாவிட்டால் நாளைக்குக் காவலிருப்பவரின் வேலைக்குத்தான் ஆபத்து.

வாய்ப்பேச்சோடு விடாமல் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்று எழுதுங்கள். இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். யார் என்ன வேலை செய்வார்கள், எவ்வளவு ஊதியம், எந்தத் தேதிக்குள் கிடைக்கும், தகவல் யாரிடம் இருக்கும், கட்டுரையில் யார் பெயர் வரும், நடுவில் விலக நினைத்தால் எப்படி என்பதை எழுதினால் போதும். 2024இல் முத்திரைக் கட்டணங்கள் உயர்ந்துவிட்டதால் பழைய 20 ரூபாய்த் தாளில் எழுதிவிடாதீர்கள். இன்றைய மதிப்பை ஆவண எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விதியை மட்டும் கொட்டை எழுத்தில் சேருங்கள். கொசுப்புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடும் அதிகாரத்தை உள்ளாட்சிகள் பயன்படுத்துகின்றன. உங்கள் பட்டியல் அபராதப் பட்டியலாக மாறும் என்ற பேச்சு ஒரு தெருவில் கிளம்பினால் அன்றோடு ஆய்வு முடிந்தது. கதவு எண்ணோடு கூடிய தகவல் எந்த அலுவலகத்துக்கும் போகாது, வார்டுவாரி மொத்தம் மட்டும்தான் போகும் என்று ஒப்பந்தத்திலும், ஒப்புதல் படிவத்திலும், அலுவலகத்துக்குத் தரும் கடிதத்திலும் ஒரே வாசகமாக எழுதுங்கள். அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள். எங்களிடம் ஓர் அதிகாரி ‘பிறகு எங்களுக்கு என்ன பயன்?’ என்றே கேட்டார். எந்த வார்டில் எந்த வகைப் பாத்திரத்தில் புழு அதிகம் என்று தெரிந்தால் ஆட்களை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யலாம் என்று விளக்கிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

4. நெறிமுறைக் குழு

இரத்தம் எடுக்காத, கேள்வி மட்டும் கேட்கிற ஆய்வுக்கும் இது வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள்தான் அடிப்படை. உங்கள் கல்லூரியில் குழு இருந்தால் அங்கே போங்கள். இல்லாவிட்டால் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி எதிலாவது வெளியாட்களின் விண்ணப்பத்தை ஏற்பார்களா என்று விசாரியுங்கள். எங்கே போனாலும் அந்தக் குழு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்ததா, பதிவு காலாவதியாகவில்லையா என்று முதலில் கேளுங்கள். பதிவில்லாத குழுவின் ஒப்புதலைக் காட்டிக் கட்டுரை அனுப்பினால் இதழ்கள் திருப்பிவிடக்கூடும்.

கேட்கும் ஆவணங்கள் பெரும்பாலும் இவை: முன்வரைவு, கேள்வித்தாள், தகவல் தாள், ஒப்புதல் படிவம், ஆய்வாளர்களின் தன்விவரம், ஆய்வு நெறிமுறைப் பயிற்சிச் சான்று, செலவுத் திட்டம், துறைத் தலைவரின் கடிதம். தகவல் தாளும் படிவமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் உள்ளதை வேறொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்த சான்றையும் கேட்பார்கள். பயிற்சிச் சான்று இல்லாதவர்கள் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் இணைய வகுப்பில் சேரலாம். படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். தேர்வு வருடம் முழுவதும் நடப்பதில்லை என்பதால் இதை முதல் மாதமே தொடங்கிவிடுங்கள்.

ஆபத்து மிகக் குறைந்த ஆய்வென்றால் துரிதப் பரிசீலனை கேட்கலாம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பதாக இருந்தால் முழுக் குழு உட்காரும் என்றே எதிர்பாருங்கள். கூடவே ஊசிமுனைகளை எங்கே போடுவது என்ற கேள்வியும் வரும். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி அவை துளைக்க முடியாத வெள்ளை நிறக் கலனில் போக வேண்டும். அதைக் கடைசியில் வாங்கிக்கொள்ளும் மருத்துவமனையின் கடிதத்தை முன்கூட்டியே பெற்று வைத்திருங்கள். இரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருப்பவரைக் கண்டால் அன்றைக்கே எங்கே அனுப்புவீர்கள் என்பதற்கும் பதில் வேண்டும்.

படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். உங்களிடம் ஊதியம் வாங்கும் சுய உதவிக் குழுத் தலைவி அந்தச் சாட்சியாக இருக்க முடியாது. அவசரத்தில் களத்தில் எல்லோரும் செய்யும் காரியம் அதுதான். தணிக்கையில் முதலில் மாட்டுவதும் அதுதான்.

5. அரசு அனுமதிக் கடிதங்கள்

வீடுகளுக்குள் மட்டும் போகும் ஆய்வென்றால் மாநகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதமும், மாநகர நல அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் நகலும், காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதமும் வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேடுகளோ பணியாளர்களோ தேவையென்றால் சென்னையில் பொது சுகாதார இயக்குநரகம் வரை கோப்பு போகும். அதற்குத் தனியாக மாதங்களை ஒதுக்குங்கள். எங்கே கடிதம் கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். ‘தபாலில் போட்டாச்சு’ என்ற பதிலை நம்பிக் காத்திருந்தவர்கள் பலர்.

6. பணம்

மொத்தச் செலவில் பெரும்பங்கு ஆட்களுக்குப் போகும். இருவர் கொண்ட அணி ஒரு காலைப்பொழுதில் எட்டு வீடு முடித்தால் நல்ல வேகம். 768 கதவுக்கு 96 காலைப்பொழுது. மூன்று அணி என்றால் 32 நாள். மறுமுறை போவது, மழை, திருவிழா எல்லாம் சேர்த்து இரண்டு மாத ஊதியம் வையுங்கள். சுய உதவிக் குழுப் பெண்களுக்கு ‘சேவை’ என்று சொல்லி ஒரு டீயும் வடையும் கொடுத்து அனுப்பும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. நாள் ஊதியம், ஆட்டோ, குடிநீர் மூன்றையும் செலவுத் திட்டத்திலேயே எழுதுங்கள்; வாரக் கடைசியில் வங்கிக் கணக்கில் போடுங்கள்.

அச்சுச் செலவைக் குறைவாக எடைபோடாதீர்கள். தகவல் தாள் இரண்டு பக்கம், படிவம் ஒரு பக்கம், ஆளுக்கு இரண்டு பிரதி (ஒன்று அவர் கையில்). 600 பேருக்கு 3,600 பக்கம். கேள்விகளைக் கைப்பேசியில் பதிவு செய்தால் மிச்சம். கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலிகள் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். நெறிமுறைக் குழுக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். மருந்துக் கம்பெனிகளுக்கான கட்டணப் பட்டியலை நீட்டினால் மாணவர் சலுகை உண்டா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். தலையீட்டு ஆய்வென்றால் (மருந்து, பயிற்சி என எதையாவது கொடுத்து விளைவைப் பார்ப்பது) இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

செட்டிநாட்டுக்கே உரிய பணச் சிக்கல் ஒன்று உண்டு. ‘சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மாமா தருகிறார்’ என்று யாராவது சொல்வார்கள். மாமா இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அவர் வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குரிய சட்டத்தில் பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே வாங்கலாம். வாங்கியதைப் பிற அமைப்புக்கு மாற்றித் தர 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கூட்டாளியாக இருந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும். முதல் ஆய்வுக்கு இந்தப் பாதையே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

7. நாள்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். புழுக் கணக்கு எடுக்க அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் காலம். அதற்கு மார்ச்சிலேயே தெருவில் நடக்கத் தொடங்கினால் மே மாதம் ஒப்பந்தமும் முன்வரைவும் தயாராகும். நெறிமுறைக் குழுக்களில் பல மாதம் ஒருமுறைகூடக் கூடுவதில்லை. ஜூனில் விண்ணப்பித்துத் திருத்தங்களோடு ஆகஸ்டில் ஒப்புதல் வந்தால் நல்ல அதிர்ஷ்டம். செப்டம்பரில் பயிற்சியும் முன்னோட்டமும்.

பூட்டிய வீடுகள் திறப்பது தை மாதத்தில். பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும் ஊர் திரும்புபவர்கள் அப்போது இருப்பார்கள். பேட்டியை அப்போது வைத்தால் ஆள் கிடைப்பார், நேரம் கிடைக்காது. கல்யாண வீட்டில் கேள்வித்தாளோடு நிற்காதீர்கள். அந்த நாட்களை வீட்டுப் பொறுப்பாளரைச் சந்தித்துச் சம்மதம் வாங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாசி-பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா. விரதம் இருப்பவர்கள் நிறைய. அந்த வாரங்களில் எடுத்த உணவுப் பழக்கக் கணக்கும் சர்க்கரை அளவும் வருடம் முழுவதற்கும் பொருந்தாது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் களத்தைத் தள்ளிவையுங்கள். யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் கட்சிக் கணக்கெடுப்பு என்றே நினைப்பார்கள்.

8. வாசலிலும் கொல்லையிலும்

புகைப்பட அடையாள அட்டை, ஒப்புதல் கடித நகல், கூட்டாளி அமைப்பின் ஆள் ஒருவர், இவை இல்லாமல் வாசல் ஏறாதீர்கள். ஆதார், ரேஷன் அட்டை, கைப்பேசிக்கு வரும் கடவு எண் எதையும் கேட்காதீர்கள். ஆச்சி காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னால் குடித்துவிட்டே போங்கள். மறுத்தால் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும் முன்பே செய்தி அங்கே போயிருக்கும்.

புழு பார்ப்பதற்கு ஒரு டார்ச், வெள்ளை எனாமல் தட்டு, கரண்டி, சொட்டுக்குழல் போதும். பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் தாழ்வாரத்து ஓடு வடியும் இடத்தில் ஒரு செம்புக் கிடாரம் இருந்தது. மேலே பார்த்தால் வெறும் கறுப்புத் தண்ணீர். டார்ச் அடித்ததும் அரிசிமணி அளவுப் புழுக்கள் நெளிந்து அடிக்குப் போய்விட்டன. வெளிச்சம் பட்டாலும் நிழல் விழுந்தாலும் அவை அப்படித்தான் முங்கும். இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சு விட மேலே வரும். அப்போது அள்ளித் தட்டில் ஊற்றிப் பாருங்கள். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸாகவோ வேறு வகையான கியூலெக்ஸாகவோ இருக்கலாம். மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் புழு நீர்மட்டத்தோடு படுத்தாற்போல் கிடக்கும். ஏடிஸா கியூலெக்ஸா என்று கண்ணால் சாதிக்காமல், மாதிரியைப் பூச்சியியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மதுரையில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கொசு ஆய்வு நிலையம் இருக்கிறது.

எண்ணி முடித்ததும் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வருவது உங்கள் கடமை. வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கிடாரத்தின் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவவும் சொல்லுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருந்து, அடுத்த மழைக்குப் பொரியும்.

9. முடிவைத் தெருவுக்கே முதலில் சொல்லுங்கள்

கட்டுரை இதழில் வர ஒரு வருடம்கூட ஆகலாம். தெரு அதுவரை காத்திருக்காது. களவேலை முடிந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் வார்டுவாரிப் படத்தோடு ஒரு பக்கத் தாள் அச்சடித்து, சுய உதவிக் குழுக் கூட்டத்திலும் வார்டின் பகுதி சபைக் கூட்டத்திலும் வாசியுங்கள். மாநகராட்சிக்கு அதற்குப் பிறகு கொடுங்கள். பகுதி சபையில் தண்ணீர் விநியோக நேரம் பற்றி யாராவது சத்தம் போடுவார்கள். அதை அடக்காமல் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கொசு ஆய்வின் முடிவோடு அந்தப் புகாரும் சேர்ந்து கோப்பில் ஏறினால்தான் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும்.

இறுதி அறிக்கையை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான கடிதம் வாங்குங்கள். ஒப்புதல் படிவங்களைப் பூட்டிய அலமாரியில் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பெயரும் கதவு எண்ணும் உள்ள கோப்பைத் தனியாக எடுத்து, கடவுச்சொல் போட்டு முதன்மை ஆய்வாளரிடம் மட்டும் வையுங்கள். கூட்டாளிகளுக்கு ஊதிய பாக்கி ஏதும் இல்லை என்று எழுதி வாங்கிய கடிதத்தையும் அதே அலமாரியில் போட்டுவிடுங்கள்.